காதுக்குள் ஓயாத இரைச்சலும் காந்தச் சுருளின் வாக்குறுதியும்

ஊர் அடங்கிய பின்னிரவிலும் சிலருக்கு மட்டும் ஓசை அடங்குவதில்லை. ஒருவருக்குச் சில்வண்டின் ரீங்காரம், இன்னொருவருக்குப் பிரஷர் குக்கரிலிருந்து நீராவி சீறும் சத்தம், மற்றொருவருக்குப் பழைய டியூப்லைட்டின் முனகல். ஜன்னலைச் சாத்தினாலும் அது நிற்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது கேட்பதுமில்லை. மருத்துவர்கள் டின்னிடஸ் என்று அழைக்கும் இந்தத் தொல்லையைத் தமிழில் காதிரைச்சல் என்கிறோம்.

இது அபூர்வமான நோயன்று. 2022-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நரம்பியல் ஆய்விதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, உலகில் வயது வந்தோரில் சுமார் 14 விழுக்காட்டினர், அதாவது 74 கோடிக்கும் அதிகமானோர், காதிரைச்சலை உணர்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 12 கோடிப் பேருக்கு அது கடுமையான தொல்லையாக இருக்கிறது. உறக்கமின்மை, கவனச் சிதறல், பதற்றம், மனச்சோர்வு எனத் தொடரும் பின்விளைவுகளைக் கணக்கிட்டால் இது தனிமனிதத் துயரம் என்ற எல்லையைக் கடந்து பொதுச் சுகாதாரப் பிரச்னையாகிறது.

இதை எழுதுபவனும் அந்தக் கோடிகளில் ஒருவன். பணி ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய இரைச்சலுக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். வயதின் காரணமாக உயர் அலைவரிசை ஒலிகளைக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகவும், இரைச்சலுக்குப் பழகிக்கொள்வதே நல்லது என்றும் கூறினார். பழகிக்கொள்ளும் வழியை அவர் கூறவில்லை. பின்னர் நண்பர் ஒருவரின் பரிந்துரையில் ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்குச் சென்றபோது, மூளைக்குக் காந்தத் தூண்டல் அளித்தால் இரைச்சல் குறையும் என்றார்கள். அவர்கள் கூறிய கட்டணம் என் இரண்டு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். 'எத்தனை பேருக்குக் குறைந்திருக்கிறது?' என்று கேட்டேன். 'பலருக்குக் குறைந்திருக்கிறது சார்' என்பதே பதில்.

பொருளியல் ஆசிரியனுக்கு அந்தப் பதில் போதாது. பலருக்கு என்றால் எத்தனை பேரில்? அதைவிட முக்கியமாக, அந்தச் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூடுதல்? இந்த இரண்டாவது கேள்வியில்தான் இந்தச் சிகிச்சையின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

காந்தம் என்ன செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். காந்தப் படுக்கை, காந்த வளையல் என்று நம் ஊர்களில் விற்கப்பட்டவற்றுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அதே விதியைப் பயன்படுத்தி, 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும், மண்டையோட்டைத் திறக்காமலே வெளியிலிருந்து மூளையின் நரம்பணுக்களைத் தூண்டிக் காட்டினர். தலைக்கு அருகில் வைக்கப்பட்ட கம்பிச் சுருளில் மிகக் குறுகிய நேரம் பெரும் மின்னோட்டம் பாயும்போது, எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தப்புலத்துக்கு நிகரான வலிமையுள்ள புலம் கணப்பொழுது தோன்றி மறைகிறது. அது மூளையின் மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. கையசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு மேல் அந்தச் சுருளை வைத்தால், நாம் விரும்பாமலே விரல் துடிக்கும்.

இத்தகைய துடிப்புகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அந்தப் பகுதியின் செயல்பாடு சிறிது காலத்துக்கு மாறுகிறது. பொதுவாக, விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகம் நரம்பணுக்களின் துடிப்பை அடக்குகிறது. வேகமான துடிப்புகள் அதைத் தூண்டுகின்றன. வேறு சிகிச்சைகளால் பயன்பெறாத மனச்சோர்வு நோயாளிகளுக்கு இந்த முறை உதவுகிறது என்பதற்குப் போதிய சான்றுகள் திரண்டதால், 2008-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கான கருவிக்கு அனுமதி அளித்தது. எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018-இல் அனுமதி கிடைத்தது. எனவே இது போலி அறிவியல் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றன்று.

காதிரைச்சலுக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணத்துக்கும் தக்க காரணம் உண்டு. இரைச்சல் காதில் கேட்டாலும் அது பெரும்பாலும் மூளையில் நிலைகொண்டிருக்கிறது. முதுமையாலோ பேரொலியாலோ உட்செவியின் மயிர்ச் செல்கள் அழியும்போது, அவற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி குறைகிறது. குறைந்த செய்தியை ஈடுகட்ட மூளையின் கேட்புப் பகுதி தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. வானொலி நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியளவைக் கூட்டினால் கரகரப்பே பெரிதாகக் கேட்பதைப் போன்ற நிலை இது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கேட்பு நரம்பு துண்டிக்கப்பட்ட பிறகும் பலருக்கு இரைச்சல் நீடிப்பது இதற்கு ஆதரவான சான்று. அப்படியானால், மிகைத் துடிப்புடன் இருக்கும் கேட்புப் பகுதியை மெதுவான காந்தத் துடிப்புகளால் அமைதிப்படுத்தலாம் அல்லவா? 2003 முதல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு முன்னணியில் இறங்கினர்.

இரண்டு ஆய்வுகள், இரண்டு விடைகள்

தொடக்க ஆய்வுகள் சிறியவை, நம்பிக்கையளித்தவை. ஒரு சில நோயாளிகளிடம் கிடைக்கும் நல்ல முடிவு, பெரிய ஆய்வில் தாக்குப்பிடிக்கிறதா என்பதே உண்மையான சோதனை. அந்தச் சோதனை இங்கு இருவேறு விடைகளைத் தந்தது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவ மையத்தில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. படைவீரர் துறை இதில் அக்கறை காட்டியதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கிச் சத்தமும் வெடிச்சத்தமும் கேட்டுக் காதைப் பறிகொடுத்த 20 லட்சத்துக்கும் அதிகமான முன்னாள் வீரர்களுக்கு, காதிரைச்சலுக்காக இழப்பீடு பெறும் தகுதியை அந்த நாடு அளித்துள்ளது. அந்நாட்டு முன்னாள் வீரர்களிடையே பணிசார்ந்த உடற்குறைகளில் இதுவே முதலிடம் வகிக்கிறது.

அந்த ஆய்வில் 32 பேருக்கு உண்மையான காந்தத் தூண்டலும், வேறு 32 பேருக்குப் போலித் தூண்டலும் அளிக்கப்பட்டன. தொடர்ந்து 10 வேலை நாள்கள். ஒவ்வொரு நாளும் 2,000 துடிப்புகள். முடிவில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 18 பேரும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 7 பேரும் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் கண்டனர். விழுக்காட்டில் சொன்னால் 56-க்கு 22. பலருக்கு அந்த முன்னேற்றம் ஆறு மாதம் வரை நீடித்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல் ஜெர்மனியின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. இதில் பங்கேற்றவர்கள் 150-க்கும் அதிகமானோர். இங்கும் 10 அமர்வுகள், விநாடிக்கு ஒரு துடிப்பு. மூளையின் இடப்பக்கப் பொட்டு மடலில் தூண்டல். முடிவு: உண்மைச் சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தச் சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தவர்களே, அதைப் பெரிய அளவில் சோதித்து, பயனில்லை என்று வெளியிட்டது அறிவியல் நேர்மைக்கு எடுத்துக்காட்டு.

எதை நம்புவது? போர்ட்லாந்து ஆய்வில் ஒரு குழுவில் 32 பேரே இருந்ததால், ஒருவரின் விடை மாறினாலும் விழுக்காடு 3 புள்ளிகள் நகர்ந்துவிடும். ஜெர்மன் ஆய்வு பெரியது. பல மையங்களில் நடந்தது. மறுபுறம், நோயாளிகளின் வயது, இரைச்சலின் காலம், சுருள் வைக்கப்பட்ட இடம் ஆகியவற்றில் வேறுபாடுகள் உண்டு. கேட்புப் பகுதியின் மையம் மூளையின் மடிப்புக்குள் மறைந்து கிடப்பதால், மேலிருந்து வரும் காந்தப்புலம் எல்லோருக்கும் ஒரே அளவில் அதை எட்டுவதில்லை. காதிரைச்சல் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கவும் கூடும். யாரோ ஒரு பிரிவினருக்கு இது உண்மையிலேயே பயன்படலாம். அந்தப் பிரிவினரை முன்கூட்டியே அடையாளம் காணும் நம்பகமான வழி இன்னும் கிடைக்கவில்லை.

இந்த நிலையில், வல்லுநர் அமைப்புகள் எச்சரிக்கையான முடிவையே எடுத்துள்ளன. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, நீடித்த காதிரைச்சலுக்கு வழக்கமான சிகிச்சையாகக் காந்தத் தூண்டலைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. ஐரோப்பிய வல்லுநர்களின் 2019 நெறிமுறையும் அதே நிலைப்பாட்டைக் கொண்டது.

நன்றி சொல்லும் 22 பேர்

போர்ட்லாந்து ஆய்வின் எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதன் முடிவு முழுவதும் சரி என்றே வைத்துக்கொள்வோம். 100 பேருக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு மையத்தில் 56 பேர் முன்னேற்றம் அடைவார்கள். 56 பேரும் மருத்துவருக்கு நன்றி சொல்வார்கள். ஆனால், அவர்களில் சுமார் 22 பேர் வெறும் சுருளைத் தலையருகே வைத்திருந்தாலும் முன்னேறியிருப்பார்கள். ஜெர்மன் ஆய்வே சரி என்றால், நன்றி சொல்பவர்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், காந்தத்துக்கு அதில் பங்கில்லை.

அந்த 22 பேர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு இரைச்சலின் கொடுமை உண்மையிலேயே குறைந்திருக்கிறது. அதற்கு இரண்டு காரணங்களை எளிதில் காட்டலாம். ஒன்று, நம்பிக்கை. காதிரைச்சலின் துன்பத்தில் பெரும்பகுதி ஒலியின் அளவைவிட, அதன் மீது குவியும் கவனத்தாலும் அச்சத்தாலும் விளைவது. அக்கறையுள்ள ஒரு குழு பத்து நாள்கள் கவனித்துக்கொண்டால் அந்த அச்சம் தளர்வது இயல்பு. மற்றொன்று, சராசரிக்குத் திரும்புதல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டபோது விளக்கிய புள்ளியியல் உண்மை இது. காதிரைச்சல் ஏறி இறங்கும் தன்மை கொண்டது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். உச்சத்திலிருந்து எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும், பலருக்குச் சிறிது இறங்கவே செய்யும். அந்த இறக்கம் கடைசியாகச் செய்த சிகிச்சையின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

ஆகவேதான், 'பலருக்குக் குறைந்திருக்கிறது' என்ற சொற்றொடர் உண்மையாக இருந்தாலும் சான்றாகாது. சிகிச்சையளிக்கும் மருத்துவர் தம் கண்முன்னே முன்னேறியவர்களைக் காண்கிறார். சிகிச்சை பெறாமலே முன்னேறியவர்கள் அவரிடம் வருவதில்லை. முன்னேறாதவர்களில் பலரும் திரும்பி வருவதில்லை. அவர் ஏமாற்றுகிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவரும் அதே கணக்கால் ஏமாறியிருக்கலாம்.

சந்தை ஏன் தானாகத் திருத்திக்கொள்ளாது?

தரமற்ற பொருளைச் சந்தை தானே ஒதுக்கிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அரிசி நன்றாக இல்லையென்றால் அடுத்த மாதம் கடையை மாற்றுகிறோம். மருத்துவத்தில் இது நடப்பதில்லை என்று 1963-இல் கென்னத் ஆரோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விளக்கியது. நோயாளிக்குத் தெரியாதது மருத்துவருக்குத் தெரியும். நோயின் போக்கோ இருவருக்குமே நிச்சயமில்லை. தகவல் ஒரு பக்கம் குவிந்திருக்கும் சந்தையில் தரமுள்ளதும் தரமற்றதும் ஒரே விலைக்கு விற்கும், இறுதியில் தரமற்றதே மிஞ்சும் என்று பழைய கார்களின் சந்தையை வைத்து 1970-இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் காட்டினார்.

காதிரைச்சல் இந்தச் சிக்கலின் எல்லைக்கே நம்மைக் கொண்டுசெல்கிறது. நீரிழிவுக்குச் சர்க்கரை அளவு உண்டு. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே உண்டு. காதிரைச்சலை அளக்க நோயாளியின் வாய்மொழியும் வினாப்பட்டியலும் மட்டுமே உள்ளன. வாங்கியவருக்கே தாம் வாங்கியது பயன்பட்டதா என்று வாங்கிய பிறகும் உறுதியாகத் தெரியாத பொருளை, நம்பிக்கைப் பண்டம் என்று பொருளியல் வகைப்படுத்துகிறது. இத்தகைய பண்டத்தில் வாடிக்கையாளரின் அனுபவம் விற்பனையாளரைத் திருத்தாது. வெளியிலிருந்து ஒரு நடுநிலைச் சோதனை தேவை. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வு அந்த வேலையைத்தான் செய்கிறது.

காந்தத் தூண்டலில் அந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்வதும் கடினம். மருந்தில்லா மாத்திரையை உண்மை மாத்திரை போலவே தயாரித்துவிடலாம். காந்தச் சுருளோ ஒவ்வொரு துடிப்பிலும் 'டக்' என்று உரத்து ஒலிக்கும். உச்சந்தலையில் தட்டுவது போன்ற உணர்வைத் தரும். கேட்கும் திறனைக் காக்க நோயாளி காதடைப்பான் அணிய வேண்டிய அளவுக்குச் சத்தம் உண்டு. போலிச் சுருளும் இவ்வளவையும் போலச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் தமக்குக் கிடைத்தது எது என்பதை நோயாளி ஊகித்துவிடுவார். ஒப்பீடு பயனற்றுப் போகும்.

அனுமதி என்ற சொல்லின் பொருள்

'அமெரிக்க அனுமதி பெற்ற கருவி' என்ற சொற்றொடரும் எச்சரிக்கையோடு படிக்கப்பட வேண்டியது. கருவிக்கு அளிக்கப்படும் அனுமதி குறிப்பிட்ட நோய்க்கு உரியது. மனச்சோர்வுக்காக அனுமதி பெற்ற கருவியை வேறொரு நோய்க்குப் பயன்படுத்த மருத்துவருக்கு அந்நாட்டில் உரிமை உண்டு. அந்த வேறு நோய்க்கும் பயனுள்ளது என்று விளம்பரம் செய்ய நிறுவனத்துக்கு உரிமை இல்லை. முன்னதை அறிந்துகொண்டு பின்னதை மறந்துவிடும்போது, ஒரு நோய்க்குத் திரட்டிய நற்பெயர் இன்னொரு நோய்க்குக் கடனாகப் போய்ச் சேர்கிறது.

காதிரைச்சலுக்கென்றே அனுமதி பெற்ற கருவியும் உண்டு. அயர்லாந்து நிறுவனம் ஒன்றின் லெனைர் என்ற கருவி, காதில் ஒலியையும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலையும் ஒருங்கே அளிப்பது. 2023-இல் அமெரிக்க நிர்வாகம் அதற்கு ஒப்புதல் வழங்கியது. 2020-இல் வெளியான அதன் ஆய்வில் 326 பேர் பங்கேற்றனர். பலர் முன்னேற்றம் கண்டனர். ஆனால், அந்த ஆய்வு வெவ்வேறு தூண்டல் முறைகளைத் தமக்குள் ஒப்பிட்டதே தவிர, போலிச் சிகிச்சைக் குழு எதையும் கொண்டிருக்கவில்லை. அந்த 22 பேரைப் பற்றிய கேள்வி அங்கும் விடையின்றியே நிற்கிறது.

இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கென 2017-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துகளுக்குரிய கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவரப்பட்டன. கருவி பாதுகாப்பானதா என்ற கேள்வியை இந்த ஏற்பாடு ஓரளவு கவனிக்கிறது. வாங்கிய கருவியை எந்த நோய்க்கு, என்ன வாக்குறுதியோடு பயன்படுத்துகிறார்கள் என்பது பெரும்பாலும் மருத்துவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் மற்றும் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் காது கேளாமை இடம்பெற்றுள்ளது; அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யத் தடை உண்டு. அந்த அட்டவணையில் காதிரைச்சல் என்ற பெயர் இல்லை.

இதன் சுமையை ஏற்பவர் நோயாளியே. 2021-22 தேசியச் சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிடுவது. 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்த இது குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால், 70 வயது கடந்த அனைவருக்கும் 2024-இல் விரிவாக்கப்பட்ட பிரதமரின் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. காதிரைச்சலுக்கு யாரும் படுக்கையில் சேர்க்கப்படுவதில்லை. முதியோரை அதிகம் வாட்டும் இந்தத் தொல்லைக்கான செலவு முழுவதும் அவர்களுடைய ஓய்வூதியத்திலிருந்தோ பிள்ளைகளின் சம்பளத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

விற்க ஆளில்லாத சிகிச்சை

அப்படியானால் காதிரைச்சலுக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதுதான் இந்தக் கதையில் மிகவும் வருந்தத்தக்க பகுதி. எண்ணங்களையும் எதிர்வினைகளையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இரைச்சலை அணைக்காவிட்டாலும் அதன் தொல்லையைக் குறைக்கிறது. 2020-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 28 ஆய்வுகளில் பங்கேற்ற 2,733 பேரின் தரவுகளைக் கொண்டு இந்த முடிவுக்கு வந்தது. மேற்சொன்ன அமெரிக்க, ஐரோப்பிய நெறிமுறைகளும், இங்கிலாந்தின் 2020 நெறிமுறையும் இதைப் பரிந்துரைக்கின்றன. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் காதொலிக் கருவியும் பொருத்திப் பார்க்கப்பட வேண்டும். வெளியுலக ஒலி மீண்டும் காதில் விழும்போது பலருக்கு உள்ளிருக்கும் இரைச்சல் பின்னுக்குச் செல்கிறது.

நம் மருத்துவச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் மாத்திரைகளின் நிலை வேறு. பீட்டாஹிஸ்டின் என்ற மருந்தைக் காதிரைச்சலுக்கென்று மட்டும் கொடுக்கக் கூடாது என்கிறது இங்கிலாந்தின் நெறிமுறை. ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது அமெரிக்க நெறிமுறை.

சான்றுள்ள சிகிச்சை கிடைப்பதற்கு அரிதாகவும், சான்று குறைந்தவை கைக்கெட்டும் தொலைவிலும் இருப்பது ஏன்? பேச்சுவழிச் சிகிச்சைக்குக் காப்புரிமை இல்லை. அதைக் கொண்டுவந்து விளக்கும் விற்பனைப் பிரதிநிதி இல்லை. ஒரு நோயாளியோடு மணிக்கணக்கில் பேச வேண்டிய உளவியல் வல்லுநரின் நேரம் மட்டுமே அதன் மூலதனம். இயந்திரம் அப்படியன்று. பெரும் பணம் போட்டு வாங்கிய இயந்திரம் சும்மா கிடந்தால் நட்டம். எனவே அதற்கு நோயாளிகள் தேடப்படுகிறார்கள். இதில் தனிப்பட்ட யாருடைய பேராசையையும் குறைசொல்லத் தேவையில்லை. முதலீட்டின் இயல்பான அழுத்தம் அந்தத் திசையில் தள்ளுகிறது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஆய்வு தொடர வேண்டும். விற்பனை காத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்க நமக்கு முன்மாதிரி உண்டு. குருத்தணுச் சிகிச்சை என்ற பெயரில் நிரூபிக்கப்படாத சிகிச்சைகள் பெருகியபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, ஏற்கப்பட்ட சில பயன்பாடுகள் நீங்கலாக மற்றவற்றை முறையான ஆய்வாக மட்டுமே செய்யலாம், சிகிச்சையாக அளிக்கக் கூடாது என்று வரையறுத்தது. மூளைத் தூண்டல் கருவிகளுக்கும் அத்தகைய ஒரு பட்டியல் வேண்டும். மனச்சோர்வு போன்று சான்றுள்ள நோய்களுக்குச் சிகிச்சை; காதிரைச்சல் போன்றவற்றுக்கு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்த, நோயாளியிடம் கட்டணம் பெறாத ஆய்வு. பங்கேற்பவருக்கும் இழப்பில்லை, முடிவு எதுவானாலும் அது நாட்டின் பொதுச் சொத்தாகும்.

இரண்டாவதாக, 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை காலத்துக்கேற்பத் திருத்தப்பட வேண்டும். காது கேளாமைக்கு உள்ள பாதுகாப்பு காதிரைச்சலுக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்றாவதாக, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தமிழில், இணைய வழியில் அளிக்கும் முயற்சியை அரசு மேற்கொள்ளலாம். காதிரைச்சலுக்கு இச்சிகிச்சையை இணையம் வழியே அளித்த ஆய்வு ஸ்வீடனில் 2002-லேயே வெளியாகிவிட்டது. 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசிச் சேவை நாடெங்கும் இயங்குகிறது. அதன் ஆலோசகர்களுக்குக் காதிரைச்சல் குறித்த பயிற்சியைச் சேர்ப்பதற்குப் பெரும் செலவாகாது. அரசு மருத்துவமனைகளின் கேட்பியல் பிரிவுகளில், காதொலிக் கருவியோடு சில மணி நேர ஆலோசனையும் சேர்த்து வழங்கப்பட வேண்டும்.

நான்காவதாக, வருமுன் காத்தல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற வரம்பை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் விதித்து கால் நூற்றாண்டு ஆகிறது. பேரொலியால் விளையும் செவித்திறன் இழப்பு, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. திருவிழா ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்கும் சிறுவனும், விசைத்தறிக் கூடத்தில் பணியாற்றும் பெண்ணும் இன்று இழக்கும் மயிர்ச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. அந்த இழப்பு முப்பது ஆண்டுகள் கழித்து இரவில் இரைச்சலாகத் திரும்பி வரக்கூடும்.

நோயாளிகளுக்கு என் பங்காக மூன்று கேள்விகளை மட்டும் தருகிறேன். இந்தச் சிகிச்சை காதிரைச்சலுக்கென்றே அனுமதி பெற்றதா? போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் எத்தனை பேர் கூடுதலாகப் பயன்பெற்றனர்? பயன் தராவிட்டால் என் பணம் என்னாகும்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காதபோது எழுந்து வந்துவிடுவதில் வெட்கமில்லை. திடீரென ஒரு காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் எழுந்தாலோ, நாடித் துடிப்போடு ஒத்து ஒலித்தாலோ தாமதியாமல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் அந்த மையத்துக்குத் திரும்பிச் செல்லவில்லை. கேட்பியல் வல்லுநர் ஒருவர் பொருத்திய காதொலிக் கருவியும், உறக்கத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டதும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. இரைச்சல் போகவில்லை, அதைக் கேட்டு அஞ்சுவது குறைந்திருக்கிறது. இதுவும் ஒரு தனிமனிதனின் அனுபவமே, சான்றன்று. நாளை ஒரு பெரிய ஆய்வு, காந்தச் சுருள் இன்னாருக்கு உதவும் என்று நிறுவிக் காட்டினால், வரிசையில் முதலில் நிற்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன். அதுவரை, அந்த ஆய்வுக்கான செலவை நோயாளியின் தலையில் கட்டணமாகச் சுமத்துவது நியாயமாகாது.